நாலு மணிப் பாட்டு

ஹவுஸ் என்கிற ஆட்ட இசையில் புதுப் பாட்டு ஒன்று வெளிவர வேண்டுமானால் யாராவது ஒருவர் தன் இதயத் துடிப்பைக் கொடுத்தாக வேண்டும். தூத்துக்குடியில் உப்பு லாரிகளை நிறுத்துப் பார்த்த பழைய எடை மேடைதான் ஆடுதளம். அதற்கு மேலே கூரை போட்டு, கேரம் பலகைக்குத் தூவுகிற பவுடரைத் தூவி வைத்திருக்கிறார்கள். வெள்ளிதோறும் புதுப் பாட்டுகள் வரும். பழையவற்றில் சில போகும். எது போவது என்பதை முதல் நாள் வியாழக்கிழமை எடை தீர்மானிக்கும். பாட்டு ஓடும்போது மேடையில் நூறு கிலோவாவது ஆடியிருக்க வேண்டும். குறைந்தால் பாட்டை எடுத்துவிட்டு, துடிப்பை அதற்குரிய வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள்.

உப்பு மூட்டை தைக்கிற சந்தியாகு தன் துடிப்பைக் கொடுத்தது பங்குனி மாதம். ஆள் அறுபத்தேழு கிலோ, இதயம்தான் பலவீனம். "உடம்பில் வைத்திருந்தால் மூன்று மாதம் வரும். தளத்தில் போட்டால் ஆடுகிறவர்கள் இருக்கும்வரை வரும்" என்று டாக்டர் சொன்னார். நியாயமான பேச்சு. அன்றிலிருந்து தினமும் மாலை நாலு மணிக்கு அவருடைய பாட்டு ஆறு நிமிடம் நாற்பது விநாடி ஓடியது. அந்நேரம் மட்டும் அவர் கட்டிலில் கண் விழித்துப் பேசுவார். மற்ற நேரமெல்லாம் அசைவில்லாமல் கிடப்பார். முப்பது வருடத்தில் அவர் ஒரு நாளைக்கு ஆறு நிமிடத்துக்கு மேல் பேசியதே இல்லை என்பதால் மனைவி அமலோற்பவத்துக்கு அது குறையாகப் படவில்லை. உப்பளத்திலிருந்து மூன்றரைக்கெல்லாம் ஓடிவந்து தேநீரும் கையுமாகக் கட்டிலருகே உட்கார்ந்துவிடுவாள்.

ஆவணியில் ஒரு புதன்கிழமை தளத்து மேலாளர் ஆவுடையப்பன் வீட்டுக்கே வந்தார்.

"அக்கா, போன வாரம் நூத்தி நாலு கிலோதான். இந்த வாரம் தேறாது. பிள்ளைங்க எல்லாம் புதுப் பாட்டுக்குத்தான் மேடை ஏறுது."

"நான் வந்து ஆடுனா?"

"நீங்க எத்தனை கிலோ?"

"அம்பத்து நாலு."

"இன்னொரு ஆளையும் கூட்டிட்டு வாங்க."

அவள் தெருவில் ஒரு வீடு விடாமல் கேட்டுப் பார்த்தாள். எல்லார் வீட்டிலும் ஒரு பாட்டு இருந்தது. அவரவர் வீட்டுப் பாட்டுக்கே கால் போதவில்லை.

மறுநாள் நாலு மணிக்கு அவள் ஐம்பது கிலோ உப்பு மூட்டையைத் தலையில் சுமந்துகொண்டு மேடை ஏறினாள். கணக்கு சரியாக வந்தது. ஆவுடையப்பன் எடை முள்ளையும் பார்த்தார், மூட்டையையும் பார்த்தார்.

"மூட்டை ஆடலையேக்கா."

"என் தலையிலதான இருக்கு. நான் ஆடுதேன்லா?"

"நீங்க ஆடுதிய. அது உக்காந்துல்லா இருக்கு."

அவரே கை கொடுத்து மூட்டையை இறக்கி வைத்தார்.

அமலோற்பவம் பிறந்ததிலிருந்து ஆடியவள் இல்லை. அவளுக்குத் தெரிந்தது பாத்தி மிதிப்பது ஒன்றுதான். உப்பளத்தில் புதுப் பாத்தியின் தரை இறுகுவதற்காகப் பெண்கள் வரிசையாக நின்று மிதிப்பார்கள். இடது கால் இரண்டு, வலது கால் இரண்டு, அரையடி நகர்வு. அதையே மிதித்தாள். முள் ஐம்பத்து நாலில் நின்றது. இந்நேரம் வீட்டில் அவர் விழித்திருப்பார், கடைசி ஆறு நிமிடத்துக்குப் பேச்சுத் துணை இல்லாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் பாட்டு முடியும்வரை காலை நிறுத்தவில்லை.

வெள்ளி காலை பத்து மணிக்கு ஆவுடையப்பன் ஒரு தூக்குவாளியில் துடிப்பைக் கொண்டுவந்தார். உரியவர் விழித்திருந்து வாங்க வேண்டும் என்பது விதி. உரியவர் விழிக்கிற நிலையில் இல்லை.

"அப்ப நீங்க வாங்கி வச்சிக்கிடுங்க. வீட்டுல யாராவது ஒருத்தர்ட்ட இருந்தா சரி. ஆனா இது நிமிசத்துக்கு நூத்தி இருபத்து நாலு தடவ ஓடுற துடிப்பு. நீங்க சும்மா இருந்தா அதுவும் சும்மா இருக்கும்."

அவள் வாங்கித் தன் துடிப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். கொஞ்சம் நெருக்கடியாக இருந்தது, அவ்வளவுதான்.

நாலு மணிக்குப் பழக்கதோஷத்தில் தேநீர் போட்டாள். அவர் கண் திறக்கவில்லை. தேநீர் ஆறிப்போகும் என்கிற கவலையில் அடுக்களைத் தரையிலேயே மிதிக்க ஆரம்பித்தாள். இடது கால் இரண்டு, வலது கால் இரண்டு. முதலில் கால் வேகம் போதவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அலமாரியில் தம்ளர்கள் கிணுகிணுக்கத் தொடங்கியபோது நெஞ்சில் இரண்டாவது துடிப்பு எழுந்து ஓடியது.

"நேத்து எங்கட்டி போயிருந்த?" என்றார் கட்டிலிலிருந்து சந்தியாகு.

"ஆடப் போயிருந்தேன்."

அவர் அடுக்களைப் பக்கம் தலையைத் திருப்பினார்.

"ஒத்தையிலயா?"

"ஒத்தையிலதான். ஒரு ஆளும் வரல."

அவள் மிதிப்பதை நிறுத்தாமலே சொன்னாள். அவர் போர்வையை விலக்கிவிட்டுக் காலைக் கீழே தொங்கப்போட்டார். பிறகு மெதுவாக எழுந்து அடுக்களைக்கு வந்து, அவள் பக்கத்தில் நின்று இடது காலை எடுத்து வைத்தார்.

எடை மேடையில் அப்போது அன்று காலை வந்த புதுப் பாட்டு ஒன்று முடிந்திருந்தது. முள்ளைச் சுழியத்துக்குக் கொண்டுவருவதற்காக ஆவுடையப்பன் எல்லாரையும் இறங்கச் சொன்னார். எல்லாரும் இறங்கினார்கள். முள் நூற்று இருபத்தொன்றில் நின்று மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அவர் நோட்டைத் திறந்து, ஐம்பத்து நாலையும் அறுபத்தேழையும் கூட்டிப் பார்த்து எடையை எழுதி, நேரத்தையும் குறித்தார். நேற்றுக் கோடு போட்டு அடித்திருந்த சந்தியாகுவின் பாட்டைப் பட்டியலில் மறுபடி சேர்த்தார். அடுத்த பாட்டுக்கு வந்தவர்கள், மேடை காலியாகட்டும் என்று செருப்பைக் கையில் பிடித்தபடி கீழே காத்து நின்றார்கள்.