கூப்பிடாதே, காலண்டர்ல போடு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று தெரிந்தவர்கள் எல்லாரும் சொல்வார்கள். உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் புதன்கிழமை காலையில் நான் கத்தியதற்குக் காரணம் இருந்தது. பத்து மணிக்கு மூணு பூனை அம்மாவின் வீட்டில் நான் நிற்க வேண்டும். மணி எட்டு. படம் இன்னும் என் கைக்கு வரவில்லை.

நான் வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவள். மூணு பூனை அம்மா வீட்டு மெஷின் எனக்கும் முந்தி இந்தத் தொழிலுக்கு வந்த கிழம். அதைச் செய்த கம்பெனியையே இழுத்து மூடிவிட்டார்கள். அந்தம்மா வளர்க்கும் மூணு பூனைகளில் ஒன்று பின்பக்கம் புகுந்து, டைமருக்குப் போகும் பதினோரு ஒயரையும் பிடுங்கிப் போட்டிருந்தது. எந்த ஒயர் எங்கே என்பதற்கு உலகத்திலேயே ஒரே ஒரு படம்தான் உண்டு. ஐந்து வருஷத்துக்கு முன் அந்த மெஷினை முதல்முறை திறந்தபோது நாங்கள் எடுத்தது. நாங்கள் என்றால் நானும் என் அண்ணனும்.

படம் என் வீட்டு முன்னறையில், பழைய கம்ப்யூட்டரில் இருந்தது. இரண்டு வருஷமாக அதன்மேல் ஒரு மேஜைவிரிப்பைப் போர்த்தி வைத்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் விரிப்பை எடுத்ததும் நாலு தும்மல் போட்டார். அவர் நூலகத்தில் வேலை பார்ப்பவர். வரிசை மாறி ஒரு புத்தகம் இருந்தால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது.

"ஒரே ஒரு படம் போதுங்க. அதை மட்டும் போனுக்கு அனுப்பிடுங்க," என்றேன்.

"ஆயிரம் படத்துல எங்கேன்னு தேடுறது? இதுல இருக்கற பழைய அக்கவுண்ட்டை உன் போன்ல சேர்த்துட்டா எல்லாம் தானா வந்துடும். அப்புறம் நீயே நிதானமா பாத்துக்கலாம்."

"நிதானமா! மணி என்ன ஆச்சு தெரியுமா?"

"பாஸ்வேர்டு சொல்லு."

அது நாங்கள் இருவரும் முதன்முதலில் சரிசெய்த மெஷினின் நம்பர். அண்ணன் வைத்தது. "அவன் மாத்தியிருப்பான்," என்று சொல்லிக்கொண்டே சொன்னேன். ஒரே தட்டில் திறந்துகொண்டது. அவன் மாற்றவே இல்லை. எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

தொடர்புகள் வேண்டுமா, காலண்டர் வேண்டுமா, படங்கள் வேண்டுமா என்று மூன்று கட்டம் கேட்டது. மனிதர் மூன்றிலும் டிக் போட்டார்.

"எனக்குப் படம்தானே வேணும்?"

"கேட்டுச்சு, குடுத்தேன்," என்றார்.

அண்ணனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கல்லுளிமங்கன். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைப்பு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பட்டறைக்கு மேலே ஒரு அறையில் இருக்கிறான். இருபது வருஷம் நாங்கள் சேர்ந்து வேலை செய்தோம். இந்த வேலையில் கை எப்போதும் ஈரம். பாதி நேரம் தோள்வரை கை மெஷினுக்குள் இருக்கும். போன் அடித்தால் எடுக்க முடியாது. அதனால் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். போனில் கூப்பிடுவதே கிடையாது. எதுவானாலும், இருவர் போனிலும் பொதுவாக இருந்த ஒரே அக்கவுண்ட்டின் காலண்டரில் போட்டுவிடுவது. எந்த வீடு, எத்தனை மணி, என்ன கோளாறு, வரும்போது என்ன வாங்கி வர வேண்டும், எல்லாம் அதில்தான். போட்டுவிட்டால் சொன்னதாக அர்த்தம். 'எனக்குத் தெரியாதே' என்று மற்றவர் சொல்லக் கூடாது.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு வீட்டில் நான் மாட்டிய மெஷின் ஒழுகி, தரையெல்லாம் தண்ணீர். வீட்டுக்காரர்கள் முன்னால் அண்ணன், "அவ ஒரு அவசரக்குடுக்கை. நீ வெளியே நில்லு, நான் பாத்துக்கறேன்," என்றான். என்னைப் பார்த்து! இருபது வருஷம் கூட வேலை செய்தவளைப் பார்த்து! எனக்கு வந்த ஆத்திரத்தில் மெஷின் மேலிருந்த போனை வெடுக்கென்று எடுத்தேன். அது வழுக்கிப் பக்கெட்டுக்குள் விழுந்தது. "இனிமே உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டு நடந்தேன். இரண்டு தெரு தள்ளித் தனியாகக் கடை போட்டேன்.

புதுப் போன் வாங்கினேன். நம்பர் அதேதான். கடைக்காரப் பெண் என்னென்னவோ தட்டித் தயார் செய்து கொடுத்தாள். மறுநாள் காலையில் காலண்டரைத் திறந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஒரு மாதம், தினமும் பல் தேய்ப்பதற்கு முன்னால் பார்த்தேன். இதை என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. வெறும் கட்டங்கள். ஒரு வார்த்தை போடவில்லை. சரி, என்னைக் கழற்றிவிட்டான் என்று முடிவு கட்டிவிட்டேன். அவனாக வராமல் நான் போவதா? எனக்கும் ரோஷம் உண்டு.

முதலில் தொடர்புகள் வந்து இறங்கின. நான் 'கறார் வக்கீல்' என்று வைத்திருந்தவர் அண்ணனின் பட்டியலில் 'மொட்டைமாடி வக்கீல்'. என்னுடைய 'வாய் ஓயாத டீச்சர்' அவனுக்கு 'நல்ல மனுஷி, டீ தருவாங்க'. ஒரே நம்பர், இரண்டிரண்டு பெயர். என் வீட்டுக்காரர் ரசித்து ரசித்துப் படித்தார்.

"மூணு பூனை, பிராக்கெட்ல, கறுப்பன் ஜாக்கிரதை."

"அந்தக் கறுப்பன்தான் ஒயரைப் பிடுங்கியிருக்கும்! எனக்கு அப்பவே தெரியும்," என்றேன்.

அவர் அடுத்ததைப் படிக்கவில்லை. போனை என் பக்கம் திருப்பினார். என் நம்பர். அதற்கு அண்ணன் வைத்திருந்த பெயர்: 'தங்கச்சி. கை ஈரமா இருக்கும். கூப்பிடாதே, காலண்டர்ல போடு.'

நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் போன் அதிர ஆரம்பித்தது. டிங், டிங், டிங் என்று நிற்கவே இல்லை. காலண்டர் நிரம்பிக்கொண்டிருந்தது. இரண்டு வருஷமாக வெறுமையாக இருந்த கட்டங்களில் எல்லாம் பச்சைக் கோடு. பச்சை அண்ணனின் நிறம்.

சண்டை நடந்த தேதியைத் தேடிப் போனேன். அதற்கு மறுநாளே ஒன்று இருந்தது.

'குழாய் கிளாம்ப் லூஸ். மாட்டினது நான். உன் தப்பு இல்லை. அவங்ககிட்டயும் சொல்லிட்டேன். நாளைக்கு ஒன்பது மணி, பட்டறை. வா.'

அடுத்த நாள், 'ஒன்பது மணி, பட்டறை.' அதற்கடுத்த நாள், 'ஒன்பது மணி, பட்டறை.' இப்படியே பதினேழு நாள். அதற்கப்புறம் வாரத்துக்கு ஒன்று.

"இது எப்படிங்க? நான் தினம் பாத்தேனே! ஒண்ணும் இல்லையே!" அதைச் சொல்லிவிட்டேன் என்பதே அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

அவர் போனை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "உன் புதுப் போன்ல அந்தப் பொண்ணு வேற அக்கவுண்ட் போட்டுக் குடுத்திருக்கு. மச்சான் எழுதுறது பழைய அக்கவுண்ட்ல. உனக்கு வந்து சேர வழியே இல்லை."

"அப்போ அவன்..."

"நீ பாக்கலைன்னு அவருக்கு எப்படித் தெரியும்? பாத்துட்டும் வரலைன்னுதான் நினைச்சிருப்பார்."

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து படித்தேன். மணியைப் பார்க்கவில்லை.

'உன் பிறந்தநாள். புது டார்ச் வாங்கியிருக்கேன். மேஜை டிராயர்ல இருக்கு.' பழைய டார்ச் மினுக் மினுக்கென்று எரிகிறது என்று அவனிடம் எத்தனை தடவை புலம்பியிருப்பேன்!

'உன் கடைப் பக்கம் போனேன். உள்ளே ஆள் இருந்தாங்க, வரலை. போர்டு நல்லா இருக்கு. எழுத்து இன்னும் கொஞ்சம் பெருசா போட்டிருக்கலாம்.' அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. அதிலும் ஒரு குறை சொல்லாவிட்டால் அவன் என் அண்ணன் இல்லை.

'வலது தோள் வலி. டாக்டர், 5.30.' இது மூன்று தடவை, இரண்டு மாத இடைவெளியில். கடைசிக் கோடு நாளைய கட்டத்தில் இருந்தது.

'வியாழன் காலை 6.30. தோள் ஆபரேஷன். கூட ஒரு ஆள் இருக்கணும்னு ஃபாரம்ல கேட்டாங்க. உன் பேரைத்தான் எழுதியிருக்கேன்.' கீழே, நாலு நாள் கழித்துச் சேர்த்த ஒரு வரி. 'நீ வரலைன்னா சாவிக்கடைக்காரர் வருவார். உனக்குத் தொந்தரவு வேணாம்.'

சாவிக்கடைக்காரர் பட்டறைக்குப் பக்கத்துக் கடை. நல்ல மனிதர்தான். ஆனால் அவர் யார், என் அண்ணனுக்கு? அவனை உள்ளே கொண்டுபோகும்போது வெளியே பெஞ்சில் அவரா உட்காருவது?

"இவனுக்கு வாயில்லையா? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை போன் பண்ணிச் சொல்லக் கூடாதா?" என்று கத்தினேன்.

"நீ பண்ணினியா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். கோபமாக அல்ல, சும்மாதான் கேட்டார். சுருக்கென்று தைத்தது.

அவன் நம்பரை எடுத்தேன். விரல் அதன்மேல் நின்றது. இப்போது மணி எட்டேமுக்கால். ஏதாவது ஒரு மெஷினுக்குள் வலிக்கிற தோளோடு கையை விட்டுக்கொண்டிருப்பான். அவன் கையும் ஈரமாகத்தான் இருக்கும். நம்பரை விட்டுவிட்டு வியாழக்கிழமைக் கட்டத்துக்குப் போனேன்.

இரண்டு வருஷ வசவு அத்தனையும் தட்டினேன். அழித்தேன். நடந்ததை விளக்கி எழுதினேன்; புது அக்கவுண்ட், கடைக்காரப் பெண், பக்கெட். அதையும் அழித்தேன். அவனுக்கு நீளமாக எழுதினால் பிடிக்காது.

'நான் வரேன். சாவிக்கடைக்காரர் வேணாம். நீ எழுதினது எதுவும் எனக்கு வரலை. இன்னிக்குத்தான் வந்துச்சு, மொத்தமா.'

சேமித்தேன். ஐந்து நிமிஷம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதில் இல்லை.

"பாப்பானா?"

"பாப்பார்," என்றார். ஆனால் அவர் குரலிலும் அவ்வளவு உறுதி இல்லை. இரண்டு வருஷம் பதிலே வராத இடத்தை யார் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்? பார்த்தாலும், இனிமேல் எதற்கு என்று இருந்துவிட்டால்? போகத்தான் போகிறேன், அதில் மாற்றமில்லை. அவன் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

பத்தரைக்குத்தான் மூணு பூனை அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். கறுப்பன் மெஷின் மேலேயே உட்கார்ந்துகொண்டு என்னை முறைத்தது. துரத்திவிட்டுப் பின்பலகையைக் கழற்றினேன். போனைச் சுவரில் சாய்த்து வைத்துப் படத்தைப் பெரிதாக்கினேன்.

தெளிவான படம். பதினோரு ஒயரும் நிறம் நிறமாகத் தெரிந்தன. ஓரத்தில் ஒரு கட்டைவிரல். நகம் கறுத்துப்போன, நசுங்கிய கட்டைவிரல். ஒயர்கள் ஒன்றையொன்று மறைக்காமல் இருக்க அண்ணன் விலக்கிப் பிடித்திருக்கிறான். 'விரலை எடு, படம் கெட்டுப்போகுது' என்று அன்று அவனைத் திட்டியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த விரல் இல்லாவிட்டால் நீலமும் சாம்பலும் எங்கே போகின்றன என்று தெரிந்திருக்காது.

ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு வந்தேன். ஒன்பதாவது ஒயரைப் பிடித்திருந்தபோது டிங் என்றது.

கை இரண்டும் உள்ளே. ஒரு கையில் ஒயர், மறு கையில் குறடு. விட்டால் ஒயர் உள்ளே நழுவிவிடும்.

"போன் வந்திருக்கும்மா. எடுத்துத் தரட்டுமா?" என்றார் பூனை அம்மா.

"வேணாம்மா. போன் இல்லை, காலண்டர்," என்றேன். என் குரல் எனக்கே விநோதமாகக் கேட்டது.

ஒன்பதை மாட்டினேன். பத்து. பதினொன்றாவது ஒயர் அந்தக் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் இருந்தது. அதையும் மாட்டிவிட்டுக் கையைத் துணியில் துடைத்தேன். ஈரம் போகவில்லை. புடவையிலும் துடைத்தேன். பிறகு போனை எடுத்தேன்.

வியாழக்கிழமைக் கட்டத்தில் 6.30 என்பது 6.15 ஆகியிருந்தது. சாவிக்கடைக்காரரைப் பற்றிய வரியைக் காணோம். என் வரிக்குக் கீழே அவன் எழுதியிருந்தான்.

'முன்னாடியே வா, கொஞ்ச நேரம் இருக்கலாம். வெறும் வயித்தோட வரணும்னு சொன்னாங்க. அது எனக்கு. நீ சாப்பிட்டுட்டு வா.'

நான் அந்த வீட்டுத் தரையில், பூனை மயிருக்கு நடுவில், அப்படியே உட்கார்ந்துவிட்டேன். போன் கையில் இருக்கும்போதே மறுபடி டிங் என்றது. அந்த வரிக்குக் கீழே இன்னொரு வரி.

'டார்ச் டிராயர்லயே இருக்கு. பேட்டரி தீர்ந்திருக்கும். புதுசு போட்டு எடுத்துட்டு வரேன்.'

வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். கறுப்பன் வந்து என் முழங்காலை மோந்து பார்த்தது.

"என்னாச்சும்மா? மெஷின் சரியாகலையா?" என்று பதறினார் பூனை அம்மா.

"ஆயிடுச்சும்மா, நல்லாவே ஆயிடுச்சு," என்றேன். அதை நான் இன்னும் ஆன் பண்ணிக்கூடப் பார்க்கவில்லை.