மஹ்ரூஸ் நிறுத்திய இடம்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது சிரிப்பு நடிகர் மஹ்ரூஸ் அஷ்மூனியின் துக்கப் பந்தலில். துக்க வீட்டு வழக்கப்படி சர்க்கரையில்லாத காபியைக் கையில் வைத்தபடி கெய்ரோவே தலை குனிந்து உட்கார்ந்திருந்தது. குர்ஆன் ஓதுபவர் மூச்சு வாங்க நிறுத்தினார். பக்கத்து நாற்காலிக்காரர் களுக்கென்று சிரித்துவிட்டார்.

முறைத்தேன்.

"என்ன பண்றது உஸ்தாத், தெரியாம அவர் போட்டோவப் பாத்துத் தொலைச்சிட்டேன்" என்றார்.

நானும் பார்த்தேன். அவ்வளவுதான். இரண்டு பேரும் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு பந்தலை விட்டு ஓடினோம். வாசலில் ஒரு பெண்மணி நின்றிருந்தார். "வெக்கப்படாதீங்க. உள்ள பொம்பளைங்க பக்கத்துலயும் இதே கதைதான்" என்றார். அவர்தான் இஹ்ஸான், எனக்கு இந்தக் கதையைச் சொன்னவர்.

2

வாரப் பத்திரிகையில் மர்மத் தொடர் எழுதிப் பிழைப்பவன் நான். முதல் வரியில் ஒரு பிணம் விழாவிட்டால் எனக்குக் கை ஓடாது. எனவே:

பிணம் தும்மியது.

(பொய்யில்லை. சோக நாயகனாகும் கனவோடு வந்த மஹ்ரூஸுக்குக் கிடைத்த முதல் வேடம் பிணம். மூக்கில் வைத்த பஞ்சு உறுத்தி, படப்பிடிப்பு நடுவே தும்மிவிட்டார். சிரிப்பில் கேமராக்காரர் கை ஆடியது. இயக்குநர் திட்ட வாயைத் திறந்தார், அவருக்கும் சிரிப்புத்தான் வந்தது. துப்பறியும் படம் நகைச்சுவைப் படமாயிற்று. அதன்பின் பெருநாள் என்றால் புதுச்சட்டை, மாவு பிஸ்கட், மஹ்ரூஸ் படம்.)

அவர் பிறந்தது நைல் கழிமுகத்தில் உள்ள ஒரு

[இந்த வாக்கியத்தை விட்டுவிடுகிறேன். பிறந்த ஊரெல்லாம் செய்தித்தாளில் வந்துவிட்டது. எனக்கு இஹ்ஸான் வேண்டும்.]

3

வயதான பிறகு மஹ்ரூஸ் நாடக மேடைக்கு வந்தார். மேடையின் முன்விளிம்பில் ஒரு குழி. அதற்குள் உட்கார்ந்து நடிகர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுப்பது, அன்று இளம்பெண்ணாயிருந்த இஹ்ஸானின் வேலை. மஹ்ரூஸ் எழுதியதைப் பேசமாட்டார். பாதியில் எங்கோ போய்விடுவார். ஜனங்கள் டிக்கெட் வாங்குவதே அதற்குத்தான். அவர் விட்டுப்போன வரியில் விரலை வைத்தபடி இஹ்ஸான் காத்திருப்பாள். திரும்பி வருவார், அவள் விரலிருக்கும் இடத்துக்கு.

நான் சொல்லவந்த வருடம் அவர் திரும்பி வரத் தடுமாறினார். நினைவு நழுவத் தொடங்கியிருந்தது. இஹ்ஸானுக்கு மட்டும் தெரியும். தயாரிப்பாளர் பஸ்யூனிக்குச் சந்தேகம். "இன்னொரு தடவை முழிச்சா, நாளைலேருந்து அந்த வேஷம் வேற ஆளுக்கு" என்று அவளிடம் சொல்லியிருந்தார்.

பெருநாளுக்கு மறுநாள், மதியக் காட்சி. திரை தூக்குமுன் மஹ்ரூஸ் குழியருகே குனிந்தார்.

"கண்ணு இஹ்ஸான், இன்னிக்கு என் தலை காலி வீடு. சாவி உங்கிட்ட."

"நீங்க வாயத் திறங்க உஸ்தாத். மிச்சம் என் பாடு."

"மெதுவா சொல்லு. போன வாரம் மூணாவது வரிசை வரைக்கும் கேட்டுச்சு. கைதட்டல் உனக்குத்தான் விழுந்துச்சு."

4

கடைசிக் காட்சி. மணப்பெண்ணின் தந்தை மஹ்ரூஸ். மகளின் முக்காட்டைத் தூக்கியவர், அந்தப் பழைய தும்மலைத் தும்மினார். அரங்கம் உருண்டது. இஹ்ஸானும்தான். சிரித்த கண்ணீர் மூக்குக்கண்ணாடியில் படர, மடியிலிருந்த பிரதி சரிந்து, தாள்கள் குழிக்குள் சிதறின.

மாப்பிள்ளை கை நீட்டி நிற்கிறான். மஹ்ரூஸ் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி. சொல்லவில்லை. குழியைப் பார்த்தார்.

இஹ்ஸானுக்கும் வரவில்லை. தினம் படித்த வரி! பக்கவாட்டுத் திரையோரம் பஸ்யூனி வந்து நின்றார்.

[வழக்கமாக இந்த இடத்தில் உங்களை ஒரு வாரம் தவிக்க விடுவேன். இன்று மனம் வரவில்லை.]

மஹ்ரூஸ் மெல்ல நடந்து வந்து, மண்டியிட்டு, குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா சிரிப்பு? டிக்கெட் வாங்கினியா?"

"மன்னிச்சிடுங்க உஸ்தாத், பக்கம் போயிடுச்சு!"

"உனக்கு இப்பத்தானே போச்சு? எனக்கு எப்பவோ போச்சு!"

கூரை அதிர்ந்தது. அவர் வாழ்நாளில் சொன்ன ஆகப்பெரிய உண்மைக்கு ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. அவர் சபையைப் பார்த்துத் திரும்பினார்.

"ஏம்ப்பா, உங்களுக்காவது ஞாபகம் இருக்கா? நான் பொண்ணக் கொடுத்தேனா, இல்லையா?"

திரும்பத் திரும்பப் பார்த்த நாடகம். குழந்தைகள் உட்பட மொத்த அரங்கமும் எழுந்து கத்தியது: "கூட்டிட்டுப் போ மாப்ள, ஆனா அவளச் சிரிக்க வை!"

மஹ்ரூஸ் நெஞ்சில் கை வைத்தார். "கேட்டுச்சா மாப்ள? நான் சொன்னா ஒரு ஆள் சொன்னது. இது ஊரே சொன்னது."

திரை விழுந்தது. பஸ்யூனி கண்ணைத் துடைத்தபடி ஓடிவந்தார். "இதையே தினமும் பண்ணுங்க உஸ்தாத்!"

பண்ணினார். நாடகம் நிற்கும்வரை அந்த வரியை அவர் சொல்லவேயில்லை. ஜனங்கள்தான் சொன்னார்கள்.

5

முடிவு ஒன்று: அவர் உண்மையிலேயே மறந்துவிட்டார். ஊர் அவரைக் காப்பாற்றியது.

முடிவு இரண்டு: அவருக்கு அன்று அந்த வரி நினைவிருந்தது. பக்கத்தைத் தொலைத்துவிட்டு விழித்தவளை அவர் காப்பாற்றினார்.

எது சரி என்று இஹ்ஸானிடம் கேட்டேன்.

"நானும் கேட்டேன் தம்பி. 'எது உனக்குத் தூக்கம் தருமோ, அத வச்சுக்க'ன்னுட்டார்."

"எத வச்சுக்கிட்டீங்க?"

"ஒருநாள் அது, ஒருநாள் இது. ரெண்டுலயும் நல்லாத்தான் தூங்குறேன்."

பந்தலுக்குள் ஓதுபவர் மறுபடி தொடங்கினார். இஹ்ஸான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

என் பிரதியும் இங்கே சிதறிவிட்டது. மஹ்ரூஸை மேடை விளிம்பில் மண்டியிட்டபடியே விட்டுப் போகிறேன். உங்களைத்தான் பார்க்கிறார். வரி உங்களுக்குத் தெரியும். கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்.