ஆமைக்கு மாற்று நிலம்

மொஹாவிப் பாலைவனத்துக்காரர்கள் எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை உண்டு. நிலத்தில் ஆமை வளை இருந்தால் எந்தக் கொம்பனும் அங்கே ஒரு செங்கல் வைக்க முடியாது, சட்டம் விடாது என்பார்கள். ஹார்லன் டீக் எவனையும் நம்பாத கிழவர். இதை மட்டும் நம்பித் தொலைத்தார்.

அவர் குடித்துச் சீரழிந்த காலத்தில் அப்பன் நிலத்தைத் தங்கை வெர்னா பேரில் எழுதிவிட்டுச் செத்துப்போனார். அதில் சக்கரம் வைத்த ஒரு டிரெய்லர் வீட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு நாயோடு ஹார்லன் காலம் தள்ளினார். வேறு போக்கிடம் கிடையாது. பக்கத்தில் தனியார் ராக்கெட் கம்பெனி தளம் போட்டதும் வெர்னாவின் பேச்சு மாறியது.

"அண்ணே, கம்பெனிக்காரன் இந்தப் பக்கம் நிலம் தேடுறானாம்."

"என் கட்டிலுக்கடியில தேடச் சொல்லு."

"கட்டில்தான் உன்னுது. நிலம் என்னுது."

மறுநாளே ஹார்லன், ஆமைக் கணக்கெடுக்க வந்திருந்த மாரிசோல் என்ற பெண்ணைக் கையோடு கூட்டி வந்து, புதருக்குப் புதர் வளைகளைக் காட்டினார்.

"பாத்துக்க தாயி. நல்லா எழுதிக்க. இனி எவன் வர்றான்னு பாக்குறேன்."

"இவ்வளவு ஆமை இருக்குற இடத்த நான் பாத்ததே இல்ல, பெரியவரே," என்றாள் அவள். கிழவர் அன்று நிம்மதியாகத் தூங்கினார்.

அடுத்த மாதம் வெர்னா கேக்கோடு வந்து இறங்கினாள்.

"நீ செஞ்ச உதவிய மறக்க மாட்டேன்ணே. அவன் இங்க ஒண்ணும் கட்டப் போறதில்ல. தளத்துக்காக அங்க ஆமை எடத்த அழிச்சான்ல, அதுக்கு மாத்தா ஆமை இருக்குற நிலமா வாங்கி, சும்மா விட்டு வைக்கணுமாம். நம்மதுல இருக்கான்னு தெரியாமத்தான் இழுத்தடிச்சிருக்கான். அந்தக் கணக்கெடுக்குற பொண்ணு எழுதிக் குடுத்ததும் வாங்கிட்டான்."

"ஆமைக்கு எடம் ஆச்சு. எனக்கு?"

"வீடு, நாய் எதுவும் இருக்கக் கூடாதாம். குப்பைக்கு அண்டங்காக்கா வந்து ஆமைக்குஞ்சக் கொத்திருமாம். பேக்கர்ஸ்ஃபீல்டு டவுனுல முதியோர் இல்லம் பாத்திருக்கேன். நாயத்தான் சேத்துக்க மாட்டேங்கிறான்."

ஹார்லன் நேரே மாரிசோலிடம் போனார். "நிலத்துல குடியிருக்குற ஆளக் கெளப்பிவிடுவாங்கன்னு உனக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியும். நிலம் உங்களுதுன்னு நெனச்சேன். விக்கத்தான் காட்டுறீங்கன்னு நெனச்சேன், பெரியவரே."



டிரெய்லரை இழுத்துப் போக லாரி வந்த அன்று, அதன் அடி நிழலில் பெரிய ஆமை ஒன்று படுத்திருந்தது. டிரைவர் வண்டியை அணைத்துவிட்டான்.

"அதுவா போற வரைக்கும் தொடக் கூடாது," என்றாள் மாரிசோல். "மிரண்டுச்சுன்னா உடம்புல சேத்து வச்ச தண்ணியெல்லாம் விட்டுரும். இந்த வெயிலுக்குச் செத்துரும்."

"என்னை மட்டும் மிரட்டலாம்," என்றார் ஹார்லன். வெர்னா காருக்குள் ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தளத்தில் ராக்கெட் என்ஜினைச் சோதித்தார்கள், தரை அதிர்ந்தது. ஆமை அசையவில்லை.

ஹார்லன் மண்ணில் மண்டியிட்டுக் குனிந்தார்.

"அங்கயே கெட. அவசரமில்ல," என்றார் மெதுவாக.

வெயில் சாய்ந்ததும் ஆமை எழுந்து புதர்ப் பக்கம் நடந்தது. டிரைவர் வண்டியைக் கிளப்பினான்.