லார்ச் கோர்ட்டைப் பார்க்க வந்தவர்கள்

லார்ச் கோர்ட் ஏப்ரலிலிருந்து விற்பனைக்கு நின்றது. ஆகஸ்ட் முடியப்போகிறது, இன்னும் ஆள் அமையவில்லை. நெதர் விட்கம் கிராமத்தில் தேவாலயத்துக்கு அடுத்தபடி பெரிய கட்டடம் அதுதான். இருநூற்றைம்பது வருடத்து வீடு. தேன் நிறக் கல், உயரமான ஜன்னல்கள், வாசலில் இரண்டு தூண்கள். விளம்பரத்தில் படத்தைப் பார்த்தவர்கள் பாதி மயங்கித்தான் வந்தார்கள். அப்படி வருபவர்களை ஹெஸ்டர் லிடன் தெளியவைத்து அனுப்பிவிடுகிறாள் என்பது வீட்டுத் தரகர் கமில்லாவின் புகார்.

புகாரில் உண்மை இருந்தது. ஹெஸ்டருக்கு எழுபது தாண்டிவிட்டது. கணவர் டெஸ்மண்ட் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. யாராவது வடக்கு அறையைப் பார்த்து வாயைப் பிளந்தால், "அழகுதான். ஆனா இந்தச் சுவர் காஞ்சு நான் பாத்ததில்ல" என்பாள். மாடியில் என்ன சத்தம் என்று கேட்டால், "வௌவால். சட்டப்படி அதுங்களத் தொடக் கூடாது" என்பாள். கேட்டதற்கு உள்ளதைச் சொல்வதில் என்ன தப்பு என்று அவளுக்கு விளங்கவில்லை.

"உங்க கஷ்டம் எனக்குப் புரியுது மிஸஸ் லிடன்" என்று கமில்லா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாழ்ந்த வீட்ட விட்டுட்டுப் போறதுன்னா சும்மாவா? ஆனா ஆளுங்க வர்றப்போ நீங்க கொஞ்சம் வெளிய இருந்துடுங்களேன்."

ஹெஸ்டர் சரியென்றாள். அடுத்த சனிக்கிழமை, பலரும் வந்து பார்க்கும் நாள். காலையிலேயே கிளம்பிப் போய் தேவாலயத்தில் பூ வைத்தாள். டீக்கடைக்குப் போனால் கதவில் பூட்டு. மழை வேறு பிடித்துக்கொண்டது. நனைந்தபடி நிற்க அவளுக்குப் பைத்தியமா? திரும்பி நடந்தாள்.

வீட்டு வாசலில் கமில்லா இல்லை. அவளுக்குப் பதில் அலுவலகத்திலிருந்து பார்ஜிட்டர் என்று ஒரு வழுக்கைத் தலைக்காரர் வந்திருந்தார். ஹெஸ்டரை அவர் முன்பின் பார்த்ததில்லை.

"வாங்க மேடம், வாங்க! என்ன இப்படி நனைஞ்சுட்டீங்க. இத மட்டும் ஷூ மேல மாட்டிக்குங்க, தரை பழசு பாருங்க" என்று நீல பிளாஸ்டிக் உறைகளை நீட்டினார்.

ஹெஸ்டர் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு, உறைகளை மாட்டிக்கொண்டு, தன் வீட்டைப் பார்க்க உள்ளே போனாள்.

கூடத்தில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பார்ஜிட்டர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஒரு வயசான அம்மா தனியா இருக்காங்க. பையன்தான் விக்கச் சொல்றார். அந்தம்மாவுக்கு இந்த வீடுன்னா உயிராம். பிரிய மனசே இல்லையாம், பாவம்."

எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். ஹெஸ்டருக்கு அந்த அம்மாள் யாரோ என்றிருந்தது. டெஸ்மண்டின் குடும்ப வீடு இது; கல்யாணம் ஆகி இங்கே வந்த முதல் குளிர்காலத்திலேயே அவளுக்குப் பிடிக்காமல் போனது. கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு சமைத்திருக்கிறாள். அவர் ஆசையைக் கெடுப்பானேன், அடுத்த வருடம் சொல்லலாம் என்று விட்டுவிட்டாள். நாற்பத்துநான்கு வருடம் அப்படியே ஓடிவிட்டது.

கூட்டத்தில் ஓர் இளம் ஜோடி. கணவன் லூயிஸ் ஒவ்வொரு கதவையும் தடவித் தடவிப் பார்த்தான். "பெத்தனி, இங்க வா! இந்தக் கைப்பிடியப் பாரேன்! நம்ம பெரிய மேசைய இங்க போட்டா எப்படி இருக்கும்!"

"அழகா இருக்கும்" என்றாள் பெத்தனி.

அந்தக் குரலில் உற்சாகமே இல்லை; ஹெஸ்டர் திரும்பிப் பார்த்தாள். சற்று நேரம் கழித்து ஹெஸ்டர் மாடிக்குப் போனபோது ஜன்னலருகில் அந்தப் பெண் கைகளைக் கட்டிக்கொண்டு தனியே நின்றாள்.

"உங்களுக்கு வீடு பிடிச்சிருக்கா?" என்று பெத்தனியே பேச்சுக் கொடுத்தாள்.

"இல்ல. குளிரும்."

பெத்தனி பக்கென்று சிரித்துவிட்டாள். பிறகு கீழே எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கும் பிடிக்கல. உள்ள நுழைஞ்சப்பவே தெரிஞ்சிருச்சு. ஆனா அவன் மூஞ்சியப் பாத்தீங்கல்ல? மிட்டாய்க் கடைல விட்ட மாதிரி நிக்கிறான். எப்படிச் சொல்றது?" என்றாள்.

"வாயாலதான்" என்றாள் ஹெஸ்டர். "கார்ல ஏறுறதுக்கு முன்னாடியே சொல்லிடு. ஏறிட்டா அவர் திரைச்சீலை என்ன கலர்னு ஆரம்பிச்சிடுவார். அப்புறம் உன்னால முடியாது."

"நீங்க சொல்லிட்டீங்களா, உங்க வீட்டுக்காரர்கிட்ட?"

"இல்லம்மா. நான் சொல்லல."

பெத்தனி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு கீழே இறங்கிப் போனாள். ஹெஸ்டர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். மழையில் சரளைக்கல் பாதையில் இருவரும் நின்றார்கள். அவள் பேசினாள். அவன் வீட்டை ஏக்கத்தோடு பார்த்தான், கையை விரித்தான், கோபமாக ஏதோ சொன்னான். அவள் நகரவில்லை. கடைசியில் அவன் அவளுக்குக் கார்க் கதவைத் திறந்துவிட்டான்.

மறுநாள் மகன் க்ரிஸ்பின் லண்டனிலிருந்து போன் செய்தான்.

"அம்மா, ஒரு ஜோடி கிட்டத்தட்ட முடிவே பண்ணிட்டாங்களாம். யாரோ ஒரு கிழவி வந்து குட்டையக் குழப்பிட்டாளாம்."

"அந்தக் கிழவி நான்தான்."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. "போக மனசில்லன்னா என்கிட்ட சொல்லேம்மா. யாரு உன்ன விரட்டுறா?"

"க்ரிஸ்பின், எனக்கு இந்த வீட்ட எப்பவுமே பிடிக்காதுடா."

 

"அடக் கடவுளே" என்றான் அவன். "உனக்கு அவகாசம் வேணுமேன்னுதான் விலைய அவ்வளவு ஏத்திச் சொல்லச் சொன்னேன். சீக்கிரம் வித்துடக் கூடாதுன்னு. கமில்லா தலையில அடிச்சுக்கிட்டா."

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அவன், "அப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

"தெரியாது" என்றாள்.

விலையைக் குறைத்ததும் வீடு மூன்று வாரத்தில் போனது. வாங்கியவர்கள் கால்நடை மருத்துவத் தம்பதி. கூடவே நான்கு பெரிய நாய்கள். குளிரைப் பற்றி ஹெஸ்டர் சொல்லத்தான் செய்தாள். "நாய்ங்க மேல ஏறிப் படுத்துக்கும், ஒண்ணும் தெரியாது" என்றுவிட்டாள் அந்தம்மாள்.

அக்டோபரில் காலி செய்தபோது கிராமத்தில் பாதிப் பேர் வாசலில் வந்து நின்றார்கள். பக்கத்து வீட்டு டாப்னி அவளைக் கட்டிக்கொண்டு, "அழுதுடு ஹெஸ்டர், அடக்கி வைக்காத" என்றாள். ஹெஸ்டர் முயன்று பார்த்தாள். வரவில்லை. நாகரிகத்துக்குக் கைக்குட்டையை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

நகரத்தில் புதுக் குடியிருப்பு. எல்லா அறையிலும் வெந்நீர்க் குழாய்ச் சூடு. போகும் வழியில் பசித்தது. க்ரிஸ்பின் காரை நிறுத்தி மீனும் சிப்ஸும் வாங்கி வந்தான். காகிதத்தை மடியில் விரித்து, வினிகர் தெளித்துச் சாப்பிட்டார்கள். பாதியில் ஹெஸ்டர் நிறுத்திவிட்டாள்.

"என்னம்மா?"

"சொல்லியிருந்தா உங்கப்பா வித்திருப்பாரா?"

க்ரிஸ்பின் யோசித்தான். "தெரியலம்மா."

"எனக்கும் தெரியல. நாற்பத்துநாலு வருஷம் கூட இருந்துட்டு, அது தெரியல பாரு."

அப்போதுதான் அவளுக்குக் கண் கலங்கியது. க்ரிஸ்பின் தன் காகிதத்திலிருந்து ஒரு பெரிய துண்டு மீனை எடுத்து அவள் பக்கம் வைத்தான். கொஞ்ச நேரம் கழித்து அவள் அதைச் சாப்பிட்டாள்.