இருநூற்றிருபது ஓம்

பெங்களூர் பீன்யாவில், மெஷின் பேனல்களில் கரண்ட் இருப்பதைக் காட்டும் விளக்குப் பலகை செய்யும் ஷெட் ஒன்றில் யசோதா ஆறு வருஷமாக சால்டரிங் வேலை பார்த்தாள். ஐ.டி.ஐ. படித்தவள். விளக்குக்குப் போகும் கரண்டை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டரைக் கையில் எடுத்தாலே அதன் வண்ணக் கோடுகளைப் படித்துவிடுவாள். 1997 மழைக்காலத்தில் வந்த புதுப் பெட்டியில் சிவப்பு, சிவப்பு, பிரவுன் இருந்தது. இருநூற்றிருபது ஓம். வழக்கமாகப் போடுவது ஐநூற்றறுபது.

பெட்டி மூடியிலேயே கணக்குப் போட்டாள். சப்ளை பன்னிரண்டு வோல்ட், எல்.இ.டி.க்கு இரண்டு போக மிச்சம் பத்து. அதை இருநூற்றிருபதால் வகுத்தால் நாற்பத்தைந்து மில்லியாம்ப். அந்தச் சின்ன விளக்கு தாங்குவது இருபதுதான்.

சூப்பர்வைசர் கோவிந்தப்பாவிடம் மூடியைக் காட்டினாள். "சார், இதைப் போட்டா லைட்டு சீக்கிரமே செத்துரும். ஐநூத்தி அறுபதுன்னா பதினெட்டுதான் போகும்."

அவர் ஒரு பலகையை எரியவிட்டுப் பார்த்துவிட்டு, கன்னடமும் தமிழும் கலந்து சொன்னார். "நோடம்மா, எவ்ளோ பளிச்சுன்னு இருக்கு. சரியான மால் வர பத்து நாள் ஆகும். பிடு, விட்டுடு, இதையே போடு."

"ரெசிஸ்டர் சுடுது சார், தொட்டுப் பாருங்க."

அவர் தொடவில்லை. யசோதா இருக்கைக்குத் திரும்பினாள். அந்த வாரம் நானூறு பலகை போயின.

அவள் வேலைக்குப் போகும் பஸ்ஸிலேயே வரும் ஆம்ப்ரோஸ், ஷெட்டிலிருந்து இரண்டு ரோடு தள்ளி, தகடு அழுத்தும் ஒரு பிரஸ் ஷாப்பில் எலெக்ட்ரீஷியன். ஒரு நாள் காலையில் அவரே சொன்னார்: "உங்க ஷெட் லைட்டுதாம்மா எங்க பேனல்ல வாங்கி மாட்டியிருக்கேன். என்னமா எரியுது."

யசோதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சொல்லியிருக்கலாம். வேலை போய்விடும் என்று பயம்.

தீபாவளி கழிந்து நாலாம் நாள், பேனலில் சிவப்பு விளக்கு எரியவில்லை, கரண்ட் இல்லை என்று நினைத்து ஆம்ப்ரோஸ் உள்ளே கைவிட்டார். உயிர் தப்பியது. வலது கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் அவர்தான் முதலில் பேசினார். "என் தப்புதாம்மா. டெஸ்டர் வெச்சுப் பாத்திருக்கணும். லைட்டை நம்பிட்டேன்."

"உங்க தப்பு இல்லண்ணா." யசோதா பெட்டி மூடியில் போட்ட கணக்கை ஒன்றுவிடாமல் சொன்னாள். பஸ்ஸில் வாய்மூடி இருந்ததையும் சொன்னாள்.

அவர் கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் ஏற்றி வைத்துக்கொண்டார். திட்டவில்லை.

"மொத்தம் எத்தனை போட்டீங்க?"

"நானூறு."

"மத்ததெல்லாம் எங்க இருக்கு?"

மறுநாள் அதையே கோவிந்தப்பாவிடம் கேட்டாள். எஸ்.பி. ரோடு எலெக்ட்ரிக் கடைக்காரர்களுக்குக் கொடுத்தது, அவர்கள் யார் யாருக்கு விற்றார்கள் என்று எப்படித் தெரியும் என்றார். அவர் குரலிலும் தெம்பு இல்லை. கடைகளுக்கும் போனாள். கவுண்டரில் கேட்டவர்களுக்கெல்லாம் விற்றாகிவிட்டது, பேர் எழுதிவைக்கவில்லை என்றார்கள்.

அந்தச் சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும், அந்தப் பலகைகளைத் தேடி பீன்யா ரோடுகளில் ஒவ்வொரு ஷெட்டாக ஏறி இறங்கினாள். முதல் இரண்டு இடத்தில் பேனலைப் பார்க்கவிட்டார்கள், அது வேறு விளக்கு. மூன்றாவது கேட்டில் வாட்ச்மேன், யாரைப் பார்க்க வேண்டும் என்று கன்னடத்தில் கேட்டான். பேர் சொல்ல அவளுக்கு அங்கே யாரையும் தெரியாது என்றதும் கேட்டைச் சாத்தினான். ரோட்டின் இரு பக்கமும், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை, ஷெட்டுகள்தான்.