ராஜபாய் டீச்சரின் மேசை

ராஜபாய் டீச்சர் மஸ்கட்டில் இருக்கும் மகனைப் பார்க்கப் புறப்பட்டபோது, அவள் வீட்டில் தரை உடைத்து டைல்ஸ் போடும் வேலை நடந்துகொண்டிருந்தது. சிமென்ட் தூசியில் புதுச் சாப்பாட்டு மேசை பாழாகிவிடும் என்று பயந்து, அதை எதிர்வீட்டு அனந்தபத்மநாபனிடம் ஒப்படைத்துவிட்டு விமானம் ஏறினாள். பலகை மேல் மெல்லிய தேக்குத் தோல் ஒட்டிய வெனீர் மேசை. அப்போதெல்லாம் அவர்கள் குடியிருந்த கரமனையில் அது பெரிய விஷயம். அனந்தபத்மநாபன் ஒரு படுக்கை விரிப்பைப் போட்டு அதை மூடினார். பிறகு ஆபீஸ் சாவிக்கொத்து, செய்தித்தாள், குடை எல்லாவற்றையும் அந்த விரிப்பின் மேல்தான் வைத்தார்.

டீச்சர் வெள்ளிக்கிழமை திரும்புவதாக ஃபோன் வந்தது. தூசி தட்டலாம் என்று விரிப்பை எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். மேசையின் ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளையாக ஒரு கீறல்.

"உங்க சாவிக்கொத்துதான்" என்றாள் மனைவி ஜெயலக்ஷ்மி.

"விரிப்புக்கு மேலேன்னா வச்சேன்! நீ இட்லிக் கொப்பரையை வச்சயோல்லியோ?"

"கொப்பரை வட்டமா இருக்கும். கீறல் நீளமான்னா இருக்கு!"

அவர் வாதத்தை விட்டுவிட்டு வைத்தியத்தில் இறங்கினார். கீறலில் ஏதோ ஒரு கொட்டைப் பருப்பைத் தேய்த்தால் மறைந்துவிடும் என்று ஆபீஸில் யாரோ சொல்லிக் கேட்டிருந்தார். என்ன பருப்பு என்பது மறந்துவிட்டது. வீட்டில் முந்திரி இருந்தது. அதைப் பாதியாக உடைத்துப் பொறுமையாகத் தேய்த்தார். கீறல் மங்கியது. இரண்டு பேரும் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

காலையில் பார்த்தால் வெள்ளைக் கீறல் கறுப்பாகி, முன்னைவிடத் தடிமனாக இருந்தது. ஜெயலக்ஷ்மி குனிந்து பார்த்துவிட்டு, "ஏன்னா, இது நகர்றது" என்றாள். கீறல் முழுக்க எறும்பு.

எறும்பை ஊதித் தள்ளிவிட்டுப் பழவங்காடிக்கு ஓடினார். அங்கே கணபதி கோயிலில் ஒரு தேங்காய் உடைத்து வேண்டிக்கொண்டு, பின்பக்கச் சந்தில் பாலீஷ் கடை வைத்திருந்த வேலப்பனைக் கையோடு அழைத்து வந்தார். வேலப்பன் தன் வேலையைப் பற்றித் தானே பேசி அலுக்காத மனிதர். மேசையை ஒருமுறை முகர்ந்தார்.

"சாரே, இது மேசையா, பாயாசமா?"

"கீறல் போகுமா?"

"மேல்பாலீஷ்லதான் நிக்குது, மரத்தில இறங்கல. உப்புத்தாள் போட்டு ஒரச்சிருந்தீர்னா உள்ள பலகை வெளிய வந்திருக்கும். பேடிக்கண்டா, பயப்படாதீர். நான் சரியாக்கின இடத்த ஒருத்தன் கண்டுபிடிச்சா அன்னைக்குக் கடைய பூட்டிருவேன்."

எண்ணெய்ப் பிசுக்கை முதலில் துடைத்தார். அரக்குப் பாலீஷில் துளி நிறம் கலந்து, மெல்லிய தூரிகையால் கீறலுக்குள் மட்டும் விட்டார். காய்ந்தபின் பஞ்சை மல்துணியில் சுருட்டி, மேசை முழுவதும் வட்டம் வட்டமாகத் தேய்த்தார். முடிந்தபோது கீறல் இருந்த இடம் அனந்தபத்மநாபனுக்கே தெரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் வேலப்பனுக்கு இரண்டாவது காப்பி கிடைத்தது.

வெள்ளிக்கிழமை டீச்சர் பெட்டியைக்கூட வைக்காமல் நேரே மேசையிடம் வந்தாள். சுற்றி நடந்தாள். குனிந்தாள். நிமிர்ந்தாள்.

"அனந்தபத்மநாபன் சாரே, இது எனக்க மேசை இல்ல."

"என்ன டீச்சர் சொல்றேள்?"

"எனக்க மேசையில ஒரு கீறல் உண்டு. கடைக்காரன் படியில ஏத்தும்போ இடிச்சது. அவன்கிட்ட ஒரு மாசம் சண்டை போட்டு, கடைசியில வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேக்க வச்சேன். வாற போறவங்களுக்கெல்லாம் அந்தக் கீறலத்தான் காட்டுவேன். இது யாருக்க மேசை?"

அனந்தபத்மநாபனும் ஜெயலக்ஷ்மியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஆளுக்கு ஆள் போட்ட பழி நீங்கிய சந்தோஷம் ஒரு கணம்தான் நின்றது. நடந்ததைச் சொன்னார்கள். டீச்சர் நம்பவில்லை. "அடுத்தவங்க சாமான் நல்லதா இருந்தாலும் எனக்கு வேண்டாம். எனக்கதைத் தாரும்" என்று நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

சாட்சிக்கு வேலப்பனை வரவழைத்தார்கள். அவர் மேசையை ஜன்னலோரம் இழுத்து, சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். விரல் நுனியால் தடவினார். முகம் பூரித்தது.

"எனக்கே தெரியல்ல, சாரே!"

"வேலப்பன், நீர்தானே பண்ணினீர்? எந்த இடம்னு காட்டும்!"

"காட்ட முடிஞ்சா அது என் வேலையில்லை. ஒருவேளை இது வேற மேசையோ என்னவோ."

அனந்தபத்மநாபன் தானும் குனிந்து தேடிப் பார்த்தார். ஒருவேளை வேறு மேசைதானோ? இவ்வளவு பெரிய சாமானைத் தனக்குத் தெரியாமல் யார் மாற்றியிருப்பார்கள் என்று யோசிக்கக்கூடத் தொடங்கிவிட்டார்.

ஜெயலக்ஷ்மிதான் எழுந்தாள். கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவினாள். "எங்கே இருந்தது, டீச்சர்?"

"ஐயோ, மாமி!" என்று வேலப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

டீச்சர் ஆர்வமாகக் கிட்டே வந்தாள். "இன்னும் கொஞ்சம் இடது பக்கத்தே. ஆ, அங்கதான். அழுத்தண்டாம். நேரா போகட்டு... முனையில லேசா ஒரு வளைவு உண்டு. ஆ, மதி, மதி, போதும்."

ஜெயலக்ஷ்மி கையை எடுத்தாள். ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளையாகக் கீறல். டீச்சர் அதன் மேல் விரலை ஓட்டினாள். அவள் கண் கலங்கிவிட்டது.

"இதுதான் எனக்க மேசை! இவ்வளவு நேரம் எங்க ஒளிச்சு வச்சிருந்தீர், சாரே?"

அனந்தபத்மநாபன் வாயைத் திறந்தார். ஜெயலக்ஷ்மி அவர் காலை மிதித்தாள். "உள்ளே இருந்தது, டீச்சர்" என்றார்.

கூலிக்கு வந்த நான்கு பேர் மேசையைத் தூக்கித் தெருவைக் கடந்தார்கள். வேலப்பன் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினார். அதற்குப் பிறகு பழவங்காடிப் பக்கம் அனந்தபத்மநாபனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் இருவரையும் காப்பிக்கு அழைத்தாள். புது டைல்ஸ் தரை பளபளத்தது. நடுவில் மேசை. நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த ஏத்தங்காய் அப்பமும் காப்பியும் வந்தன. "மேல வையும் சாரே, கூச்சப்படண்டாம்" என்று டீச்சர் திரும்பத் திரும்பச் சொன்னாள். அனந்தபத்மநாபன் ஒரு கையில் டம்ளரும் மறு கையில் தட்டுமாகக் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். அப்பத்தை ஜெயலக்ஷ்மிதான் ஊட்டிவிட வேண்டியிருந்தது.