சவரிமுத்து வீட்டின் எடை

திண்டுக்கல்லில் சவரிமுத்துவின் வீடு நாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்குச் சமம். 1979ஆம் ஆண்டு மதுரையில் பேராசிரியர் ருக்மாங்கதன் தொடங்கிய குடும்ப ஆய்வில், மாதிரிக்காக எடுத்த முப்பத்தெட்டு வீடுகளில் அது ஒன்று. ஒரு வீடு எத்தனை வீடுகளுக்காகப் பேசுகிறதோ, ஆய்வில் அதற்கு எடை என்று பெயர். ஒவ்வோர் ஆகஸ்டிலும் முதல் செவ்வாய்க்கிழமை நான் போய் அதே கேள்விகளைக் கேட்டுப் படிவத்தை நிரப்புவேன். புதன்கிழமை பேராசிரியர் அதில் கையெழுத்திடுவார். வியாழக்கிழமை, சவரிமுத்துவின் படிவத்தில் என்ன இருக்கிறதோ அது மற்ற நாலாயிரத்து இருநூற்றுப் பதினொரு வீடுகளிலும் இருக்கும்.

முதல் வருடம் எனக்கு இருபத்து மூன்று வயது. சவரிமுத்து பூட்டுக் கம்பெனியில் சாவிகளை அரத்தால் ராவுகிற வேலையில் இருந்தார். அவர் மனைவி லூர்து மேரி எனக்குச் சுக்குக் காப்பி கொடுத்தார். 'மாலையில் அருந்தும் பானம்' என்ற கேள்விக்கு அதையே எழுதினேன். அதன் பிறகு பல வருடங்கள், மாலை ஐந்து மணிக்குத் திண்டுக்கல்லுக்குள் நுழையும் பேருந்துகளில் தூங்குகிறவர்கள் சுக்கு வாசனையில்தான் விழித்தார்கள். நடத்துனர் ஊர்ப் பெயரைக் கூவ வேண்டியிருக்கவில்லை.

1983ல் மேரி அக்கா கம்பெனியில் மிஞ்சிய பெயிண்டை வாங்கி வாசல் கதவுக்குப் பச்சை அடித்தார். வியாழக்கிழமை ஊரே பச்சைக் கதவாக இருந்தது. தபால்காரருக்கு மட்டும் கொஞ்சம் சிரமம். 1996ல் மகள் செலினை ஓசூரில் கட்டிக்கொடுத்தார்கள். அந்த வாரம் ஓசூர் பேருந்துகளில் பட்டுப்புடவைகளையும் பித்தளைக் குடங்களையும் தவிர வேறெதுவும் ஏறவில்லை. மகள் இல்லாத வீடுகள் அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கி அனுப்பின.

ஒன்றை மட்டும் நான் முன்பே கற்றுக்கொண்டிருந்தேன். 1982ல் சவரிமுத்துவின் தகப்பனார் இறந்தார். உள்ளதை உள்ளபடி எழுதினேன். அந்த வியாழக்கிழமை ஊரில் பூமாலை கிடைக்கவில்லை. நிலக்கோட்டையிலிருந்து லாரியில் வந்தது.

அதனால்தான், இருபத்திரண்டு வருடங்கள் கழித்து ஓர் ஆடி மாதத்தில் மேரி அக்கா இறந்தபோது, படிவத்தில் அவர் பெயர் இருந்த இரண்டாவது வரிக்கு வந்ததும் என் பேனா நின்றுவிட்டது. சவரிமுத்து தெளிவாகத்தான் சொன்னார். நான் 'தற்காலிகமாக வெளியூர்' என்று எழுதினேன். எந்த ஊர் என்று அடுத்த கட்டம் கேட்டது. அக்கா வேளாங்கண்ணிக்குப் போக வேண்டும் என்று வருடா வருடம் சொல்லிக்கொண்டிருந்தவர். வேளாங்கண்ணி என்று எழுதினேன்.

வியாழக்கிழமை காலை நாலாயிரத்து இருநூற்றுப் பதினொரு மனைவிமார் ஆளுக்கொரு பையுடன் வேளாங்கண்ணிக்குப் புறப்பட்டுப் போனார்கள். அடுத்த ஆகஸ்டிலும் அதையே எழுதினேன். அதற்கடுத்த ஆகஸ்டிலும். கணவர்கள் போட்ட கடிதங்களுக்கு, 'இங்கே காற்று நன்றாக இருக்கிறது, படிவம் வந்ததும் வருகிறோம்' என்று பதில் வந்தது. ஆறு வருடங்கள் அப்படிப் போயின.

ஏழாவது ஆகஸ்டில் நான் போனபோது சவரிமுத்துவின் கட்டிலில் இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். அடுத்த தெருவில் இருக்கும் மாசிலாமணி. அரசு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்ற கணவர்கள் சார்பில் வந்திருந்தார். சட்டையில் இரண்டு பொத்தான்கள் இல்லை.

"அண்ணே, 'வந்துட்டா'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அவ்வளவுதான். எங்க தையல்நாயகி நாளன்னிக்கு வீட்டுல இருப்பா" என்றார்.

"வராதவளை வந்துட்டான்னு எப்படிய்யா சொல்றது?"

"போகாதவளைப் போனான்னு ஆறு வருசம் சொன்னீங்கல்ல?"

"நான் எங்கய்யா சொன்னேன்? செத்துட்டான்னுதான் சொன்னேன். தம்பிதான் வேளாங்கண்ணின்னு எழுதுச்சு."

மாசிலாமணி என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"எழுதுனதே நல்லதுதான் தம்பி. செத்துட்டான்னு மட்டும் எழுதிப்புடாதீங்க. ஆறு வருசமா ரசம்னு ஒண்ணு வச்சுக் குடிச்சிட்டு இருக்கேன். அவ வந்து ஒரு தடவையாவது திட்டணும்."

அவர் போன பிறகு சவரிமுத்து வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு, "கோயில்ல எழுதியிருக்கு. முனிசிபாலிட்டியில எழுதியிருக்கு. கல்லறையில கல்லுல வெட்டியிருக்கு. உன் நோட்டுல மட்டும் அவ வெளியூர் போயிருக்கா. முப்பத்தோரு வருசமா உனக்கு ஒரு பொய் சொன்னதில்ல தம்பி. நான் சொல்றதை ஒரு தடவை எழுது" என்றார்.

படிவத்தை நிரப்பாமல் மதுரைக்குத் திரும்பினேன். அது முதல் தடவை.

பேராசிரியர் ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகியிருந்தது. ஆனாலும் தினமும் துறைக்கு வந்து இரும்பு பீரோக்களுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"என்னய்யா நெல்லையப்பா, இதுக்கா ஆறு வருசம் முழிச்சே? அவரோட எடையைக் குறைச்சா முடிஞ்சது. ஒண்ணுன்னு வை. அப்புறம் அவர் வீட்டுல யார் செத்தாலும் அவர் வீட்டுல மட்டும்தான் சாவாங்க."

"மிச்சம் நாலாயிரத்துச் சொச்சம் வீடு, சார்?"

"மொத்தம் குறையக் கூடாது. பக்கத்து வீட்டு தலையில கட்டு. ஆனா ஒண்ணு, அவர்கிட்ட கேட்டுட்டுச் செய். ஒண்ணுன்னா ஒண்ணுதான். இனிமே அவர் காப்பி குடிச்சா, அவர் மட்டும்தான் குடிப்பார்."

அடுத்த செவ்வாய்க்கிழமை சவரிமுத்துவிடம் சொன்னேன். அவர் எழுந்து வாசலுக்கு வந்தார். மணி ஐந்து இருக்கும். தெரு நெடுகப் பச்சைக் கதவுகள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வயதான ஆண், டம்ளரை வேட்டி முனையில் பிடித்துக்கொண்டு சுக்குக் காப்பியை ஊதிக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு நாளும் ஆளுங்க கூட இருந்த மாதிரிதான் இருந்துச்சு" என்றார். "சரி, உட்காரு. முதல்ல இருந்து கேளு."

எடை என்ற கட்டத்தில் ஒன்று என்று எழுதினேன். பிறகு வழக்கம்போல் வாசித்தேன்.

"வரிசை எண் இரண்டு. லூர்து மேரி. தற்போது வீட்டில் இருக்கிறாரா?"

"இல்ல. இறந்துட்டா. ஆடி பன்னெண்டு, செவ்வாய்க்கிழமை, மத்தியானம். அன்னிக்குக் காலையில இட்லி நல்லா வந்திருக்குன்னு சொன்னா. ரெண்டு இட்லி கூட வச்சா. நான் போதும்னுட்டேன். அதையும் எழுது."

படிவத்தில் அதற்கு இடம் இல்லை. ஓரத்தில் எழுதினேன். ஓரம் முடிந்ததும் காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் எழுதினேன். அவர் விரலை வைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்துப் பார்த்தார். 'இறப்பு' என்ற இடத்தில் விரல் கொஞ்ச நேரம் நின்றது.

"இப்பதான் சரியா இருக்கு" என்றார். துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். வெளியே எட்டிப் பார்த்தேன். யாரும் துண்டை எடுக்கவில்லை.

பிறகு பக்கத்து வீட்டுக்குப் போய் புதுப் படிவத்தைத் திறந்தேன். ஐஸ் பேக்டரியில் வேலை பார்க்கும், இந்த வருடம்தான் வெளியூரிலிருந்து குடிவந்த வரதராஜுலுவின் வீடு. நீலக் கதவு அடிக்கக் காத்திருந்ததாகச் சொன்னார். மனைவி பெயர் அகிலா, வயது இருபத்தாறு, ஏழாவது மாதம். உள்ளதை உள்ளபடி எழுதினேன்.

வியாழக்கிழமை வேளாங்கண்ணியிலிருந்து பேருந்துகள் வந்தபடியே இருந்தன. நாலாயிரத்து இருநூற்றுப் பதினொரு பெண்களும் வந்து சேர்ந்தார்கள். மேடிட்ட வயிற்றில் ஒரு கையை வைத்தபடி மெதுவாக இறங்கினார்கள். கணவர்கள் பைகளை வாங்கிக்கொண்டார்கள். தையல்நாயகி அம்மாளுக்கு அறுபத்தொன்று முடிந்திருந்தது. பேருந்து நிலையத்திலேயே மாசிலாமணியின் சட்டைப் பொத்தான்களைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

அந்த வாரக் கடைசியில் மாசிலாமணி தாம்பூலத் தட்டுடன் சவரிமுத்து வீட்டுக்கு வந்தார். நானும் இருந்தேன்.

"ஞாயித்துக்கிழமை வளைகாப்பு. அண்ணன் கட்டாயம் வரணும். தையல்நாயகி ரசத்தைக் கீழ ஊத்திட்டா" என்றார்.

அவருக்குப் பின்னால் வரிசை தெருமுனை தாண்டி நின்றது. மாலைக்குள் பத்திரிகைகள் ஜன்னல் உயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. எல்லாமே அதே ஞாயிறு, காலை ஒன்பதிலிருந்து பத்தரை.

"எல்லாரும் நேர்ல வந்து கூப்பிட்டிருக்காங்க தம்பி. எதுக்குப் போறது, எதை விடுறது?"

ஆய்வில் எப்படிச் செய்வோமோ அப்படியே செய்யலாம் என்றேன். எழுபதுக்கு ஒன்று. எந்த எண்ணிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டேன். பன்னிரண்டு என்றார். இருவரும் தரையில் உட்கார்ந்து எண்ணி, அறுபது பத்திரிகைகளைத் தனியாக எடுத்து வைத்தோம்.

"இந்த அறுபதுக்குப் போனா எல்லாத்துக்கும் போனதா ஆயிருமா?"

"ஆயிரும்ணே."

ஞாயிற்றுக்கிழமை அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அறுபது வீடுகளுக்கும் போனார். மறுநாள் ஊர் ஸ்டூடியோக்களிலிருந்து வந்த நாலாயிரத்து இருநூற்றுப் பதினொரு ஆல்பங்களிலும் முதல் பந்தியில் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எல்லா இடத்திலும் நன்றாகக் கவனித்தார்கள் என்றார். ஒரே ஒரு வீட்டில் மட்டும் எலுமிச்சை சாதத்தில் உப்பு குறைவு. எந்த வீடு என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன்.